கோணல் சட்டை

தம்பி,

இன்று காலையில் பாயை உதறும்போது ஓர் ஊசி என் உள்ளங்கையில் குத்தியது. துருப்பிடித்த ஊசி. அதன் காதில் வெள்ளை நூல்கூட ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. வலித்தது. ஆனால் வலிக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஊசியைக் கண்ட இடத்தில் குத்தி வைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது என்று உன்னைத் திட்ட வாயைத் திறந்துவிட்டேன். பிறகுதான் நீ இல்லை என்று ஞாபகம் வந்தது. தினமும் இப்படித்தான் ஆகிறது. தினமும் ஒரு தரம் புதிதாகத் தெரிந்துகொள்கிறேன்.

ரெண்டாம் வகுப்போடு நின்றவள் நான். உனக்கு மடல் எழுதுகிறேன் என்றால் நீயே சிரிப்பாய். சிரித்துக்கொள். ஊசி குத்திய கையாலேயே எழுதுகிறேன்.

நான் தாலியறுத்து உன்னிடம் வந்து சேர்ந்த பிறகு, ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் வண்ணான் துறையில் அக்காளும் தம்பியுமாக நாம் இருவரும்தான் ஒரு கல்லில் நின்றோம். நீ அடித்துத் துவைப்பாய். நான் அலசிக் கொடியில் போடுவேன். பட்டணத்து வீடுகளுக்கு மூட்டை கொண்டுபோவது நீ. கஞ்சி போடுவது நான். சேங்கொட்டை மையைத் தொட்டு ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் காலருக்கு உள்ளே குறி போடுவதும் நான்தான். ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு வீட்டுக்குப் புள்ளியும் கோடும், சீனத் தவுக்கே முதலாளி வீட்டுக்கு வட்டம். எழுத்தைவிட அந்தக் குறிகளைத்தான் நான் நன்றாகப் படிப்பேன். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அந்த மை போகாது. போகாமல் இருப்பதுதான் அதன் வேலை. அன்றைக்கு அதுதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது.

மாரியம்மன் கோவில் திருவிழா அன்று நீ போட்டிருந்த சட்டை நினைவிருக்கிறதா? கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர் வீட்டில் அவர் மச்சான் ஒருவர் தங்கியிருந்தார். ரங்கூனுக்குப் போகும் முன்னால், இனி அந்த ஊர் வேலைக்கு இது ஆகாது என்று சொல்லி உன் கையில் கொடுத்துவிட்டுப் போன சட்டை அது. அவர் கொடுத்தபோது நானும் பின்வாசலில் நின்றேன். துறையில் அந்த மாதிரிச் சட்டைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. கொடுத்ததைப் போடுகிறவர்களும் உண்டு. கொடுக்காததை ஒரு நாள் போட்டுவிட்டு, மறுநாள் துவைத்துத் தேய்த்து வீட்டில் சேர்க்கிறவர்களும் உண்டு. நம்மவர்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை முதல் மேளக்காரர்வரை யார் வீட்டுச் சட்டையில் நிற்கிறார்கள் என்று குறி போடுகிற எனக்குத் தெரியாதா? நீ மட்டும் அந்தப் பக்கம் போனதில்லை. உனக்குக் கிடைத்தது கொடுத்த சட்டை.

கோவில் வாசலில் கூட்டம். ஜெலுத்தோங்கிலிருந்து உனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நீ அவர்களிடம் பேசிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து கிராணியார் உன் தோளைத் தொட்டார். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காலரை விரலால் திருப்பிப் பார்த்தார். தன் வீட்டுக் குறியைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டினார்.

"எங்க வீட்டுத் துணி சாமி கும்பிட வந்திருக்கு, பாருங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நீ நடந்ததைச் சொன்னாய். மச்சான்தான் ரங்கூனில் இருக்கிறாரே, போய்க் கேட்டுவிட்டு வா என்று ஒருவர் சொல்ல, மறுபடியும் சிரித்தார்கள். நான் பார்த்தேன் என்று நானும் கத்தினேன். அக்காள் சொல்லை யார் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்?

நீ அப்போது செய்ததை இன்றைக்கும் கண்ணால் பார்க்கிறேன். சட்டையைக் கழற்றினாய். கோபமாக அல்ல, நிதானமாக. அந்தக் கூட்டத்திலேயே கையை உள்ளே மடக்கி, காலர் மேலே வர, இஸ்திரி மேசையில் மடிப்பதுபோலவே மடித்து, கிராணியார் கையில் வைத்தாய். பிறகு வேட்டியோடு, வெறும் மேலோடு, பட்டணத்து ரோட்டில் நடந்தாய். ரிக்‌ஷாக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். நான் பின்னாலேயே வந்தேன்.

பெண் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பையன்மேல் குறை இல்லை, ஆனால் நாலு பேருக்கு நடுவில் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டார்களே, கொஞ்ச நாள் போகட்டும் என்று. கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். எனக்கு அந்தக் கல்யாணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சட்டைத் திருடன் என்பதுதான் இனி இந்த ஊரில் உன் பேர், சாகும்வரைக்கும் இது உன்னை விடாது என்று பயந்தேன். துறையில் அதைச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள். நீ மூட்டையோடு போனால், "யார் சட்டைடா இன்னைக்கு?" என்று ஒரு குரல் வரும். நீ அன்று முதல் தோளில் துண்டு மட்டும்தான் போட்டாய்.

அடுத்த வாரமே கிராணியார் வீட்டு மூட்டை வழக்கம்போல வந்தது. அதைத் தொடாதே என்றேன். தொடுவதாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியை அவர் சட்டையின் நடு முதுகில் கொஞ்ச நேரம் வைத்து எடு என்றும் சொன்னேன்.

"துணி என்னக்கா பாவம் பண்ணுச்சு?" என்றாய். நீலத்தில் முக்கி, மடிப்பு உடையாமல், வேறெந்த வீட்டுத் துணியையும்விட அழகாகத் தேய்த்து அனுப்பினாய். எனக்கு அது பிடிக்கவில்லை. உனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு ஒருநாள் ராவுத்தர் கடையிலிருந்து கோராத் துணி வாங்கி வந்தாய். சட்டைக்கு என்றாய். தையற்காரரிடம் கொடு என்றேன்.

"டெய்லர் தைச்சா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்க்கா. நாளைக்கு அதையும் ஒருத்தன் புடிச்சு என்னோடதும்பான். நானே தைக்கிறேன்."

அதுவரை உனக்குத் தெரிந்த தையல் பொத்தான் வைப்பது ஒன்றுதான். கல்லில் அடித்து உடைக்கிற பொத்தானையெல்லாம் வீட்டுக்காரர் பார்க்கும் முன்னால் தைத்து வைத்துப் பழகிய கை. மற்றதெல்லாம் சட்டையைப் பார்த்தாலே வந்துவிடும் என்று நினைத்தாய். எத்தனை சட்டை தேய்த்திருப்பாய்! ஒவ்வொரு மடிப்பும் உனக்குத் தெரியும். துணியைத் துவைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்டுப் பிறகுதான் வெட்டினாய். அது மட்டும் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

துணி கொடியில் காய்கிற மத்தியான நேரத்தில் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து தைத்தாய். துறையில் இருந்தவர்களுக்கு அது நல்ல வேடிக்கையாகிவிட்டது.

"என்ன லா, சமைஞ்ச பொண்ணு மாதிரி மூலையில உக்காந்துட்டே?" என்று ஒருவன் கேட்டான்.

நீ தலையை நிமிர்த்தவில்லை. "ஆமாண்ணே, தாய்மாமன் நீதானே? சீர் கொண்டா" என்றாய். திருவிழாவுக்குப் பிறகு உன் வாயிலிருந்து வந்த முதல் கேலிப் பேச்சு அது. அதற்காகவே அந்தச் சட்டை எப்படி வந்தாலும் சரி என்று எனக்கு ஆகிவிட்டது.

அது வந்ததும் அப்படித்தான். நன்றாகத் தேய்த்த சட்டை ஒன்றை மேசையில் விரித்து, அதைச் சுற்றிக் கரியால் கோடு போட்டு, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று ஒரே அளவில் இரண்டு வெட்டி, ஓரத்தைச் சேர்த்துத் தைத்திருந்தாய். மேசையில் பார்க்க அச்சு அசல் சட்டை. போட்டால் தலை நுழையவில்லை. கழுத்தைப் பெரிதாக வெட்டி நுழைத்தாய். முன்பக்கம் தொண்டையைப் பிடித்தது. கையைத் தூக்கினாய், சட்டை மொத்தமும் கூடவே மேலே வந்து தொப்புள் தெரிந்தது. அப்படியே இரண்டு கையும் மேலே நிற்க, இறக்கவும் முடியாமல் கழற்றவும் முடியாமல் நின்றாய். நான் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உள்ளேயிருந்து உன் குரல் மட்டும் வந்தது:

"சட்டைக்குள்ள ஒரு ஆளு இருப்பான்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

உனக்கு எப்படித் தோன்றும்? சட்டை நம்மிடம் ஆள் இல்லாமல்தானே வரும். ஆள் இல்லாமல்தானே போகும். நாம் அதைத் தட்டையாகவே பார்த்துப் பழகியவர்கள்.

அதன் பிறகுதான் இஸ்திரி மேசைமேல் விரிக்கிற கிழிசல் சட்டையை எடுத்துத் தையல் தையலாகப் பிரித்தாய். பிரித்த துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய். கையின் மேல்பக்கம் ஏன் மேடாக இருக்கிறது, முதுகுத் துண்டு ஏன் பெரிதாக இருக்கிறது, முன்கழுத்து ஏன் இறங்கியிருக்கிறது என்று எனக்கு விளக்கினாய். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவில் வாசலில் போன முகம் திரும்பி வந்திருந்தது.

இரண்டாவது சட்டையில் தலை நுழைந்தது, கை தூக்க முடிந்தது. ஒரு தோள் மட்டும் ஏறியிருந்தது. ஓரம் இடது பக்கம் இறங்கி நின்றது. பொத்தான் பெண்கள் ரவிக்கைபோலப் பக்கம் மாறி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஜெலுத்தோங் போகலாம் வா என்றாய். பெண் வீட்டுக்கா, இதிலா என்றேன். இதில்தான் என்றாய். உன்னைத் தடுக்க முடியவில்லை. இன்றைக்கும் சிரித்து அனுப்பிவிட்டார்கள் என்றால் நீ மறுபடி துண்டோடு மூலையில் போய் உட்காருவாய், அதற்குப் பிறகு உன்னை எழுப்ப என்னால் ஆகாது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பெண்ணின் அப்பாவும் நம் தொழில்காரர்தான். அவர் வெள்ளைக்காரத் துரைகள் போடுகிற மாதிரி உயர்ந்த மல் சட்டையில் உட்கார்ந்திருந்தார். உன்னை மேலும் கீழும் பார்த்தார். யாரிடம் தைத்தாய் என்று கேட்டார். நானே தைத்தேன் என்றாய். சிரிக்கலாமா கூடாதா என்று அவர் பெண்டாட்டி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். எனக்கு எழுந்து வந்துவிடலாம் போலிருந்தது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண் தன் அம்மாவிடம் சொல்வதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இந்தச் சட்டைய என்னோடதுன்னு சொல்லிக்கிட்டு எவனும் வரமாட்டாம்மா."

நீதான் முதலில் சிரித்தாய். பிறகு வீடே சிரித்தது. பெண்ணின் அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் என்ன நினைத்தாரோ, தன் காலரை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்தைத் தை மாதத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்துக்கு மூன்றாவது சட்டை தைத்தாய். அதிலும் தோள் ஏறித்தான் இருந்தது. தப்பு சட்டையில் இல்லை, மூட்டை சுமந்து சுமந்து உன் தோளே ஒரு பக்கம் ஏறிவிட்டது என்று உன் பெண்டாட்டிதான் கண்டுபிடித்தாள். அதன் பிறகு அளவெடுப்பது அவள், தைப்பது நீ என்று ஆயிற்று. பட்டணத்து வீதிகளில் நீ தைத்த சட்டையில்தான் மூட்டை சுமந்தாய். கிராணியார் வீட்டுக்கும் அதைப் போட்டுக்கொண்டே போனாய். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரங்கூன் மச்சான் திரும்பி வந்தாரா இல்லையா, நமக்குத் தெரியாது. நீயும் விசாரிக்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஆற்றில் இறங்காதே என்றோம். இறங்கினாய். நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டாய். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. உன் பெண்டாட்டி என்னோடுதான் இருக்கிறாள். நாங்கள் இருவரும் இப்போது ஒரு கல்லில் நிற்கிறோம். அவள் அடிக்கிறாள், நான் அலசுகிறேன். அவள் அடிக்கிற வேகத்துக்கு ஒரு பொத்தானும் தப்புவதில்லை.

போன வாரம் மீன் பாசாரில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்து நின்றார். பட்டணத்து அம்மாள், எனக்கு அவரைத் தெரியாது. தோளில் இருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, உங்களோடு ஒருத்தர் வருவாரே, அவரைக் காணோமே என்று கேட்டார். எந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கேட்கப்போகிறார் என்று நின்றேன். கோவில் வாசலில் அன்று நின்றவர்களில் இவரும் ஒருவராக இருக்கலாமே.

"அதாம்மா, தன் சட்டையத் தானே தைச்சுப் போட்டுக்குவாரே, அவரு" என்றார்.

ஆமாங்க, அவன் என் தம்பிதான் என்றேன். இல்லாமல் போய்விட்டான் என்பதையும் சொன்னேன். உன் சாவை நான் வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவளிடமும் அதையே சொன்னார், அந்தச் சட்டை தைக்கிறவர் போய்விட்டாராம் என்று. அவளுக்கும் உன்னைத் தெரிந்திருந்தது. நான் மூட்டையைச் சரிசெய்துகொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன், இன்னும் யாராவது சொல்வார்களா என்று.