இருபது வருஷ மோட்டார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதே. போனில் கூப்பிட்டால் வேலையாக இருக்கிறேன் என்று நழுவிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல சேதி. சின்னவளுக்கு மூச்சிழுப்பு நின்று ஒரு வருஷமாகிறது. கால்வாய்க்கரையில் பழைய வாஷிங் மெஷின்களை மலையாகக் குவித்து, செம்புக்காக ஒயரை எரிப்பார்களே, அந்தக் கரும்புகை இப்போது இல்லை. எரிக்க மெஷின் வந்தால்தானே? முன்பு நாலு வருஷத்தில் தூக்கிப் போட்டவர்கள், நீ வரைந்த மோட்டார் வந்த பிறகு எட்டு வருஷமாக ஒன்றையே ஓட்டுகிறார்கள். காற்று மாறியதுதான் காரணம் என்று டாக்டரம்மா சொன்னபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் புதிதாக வாங்குவாரில்லை. இங்கே அத்தானுடைய வாஷிங் மெஷின் கம்பெனியில் மூன்று ஷிப்ட் ஒன்றாயிற்று. போன வருஷம் வெளியே அனுப்பியவர்களின் முதல் பட்டியலிலேயே அத்தான் இருந்தார். உன் மோட்டார் வந்த அன்று, "என் மச்சான் செஞ்சது, இருபது வருஷம் ஓடும்" என்று செக்ஷன் முழுக்க மிட்டாய் கொடுத்த மனுஷன்.

அப்புறம் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்தார். கெட்டுப்போகாத மெஷினுக்கு யார் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்? விளம்பரத்தைக்கூட விடாமல் பேப்பரைப் படித்துவிட்டு வீடு திரும்புவார். ஒருநாள் அழைப்பு வந்ததென்று உற்சாகமாகப் போனார். போய்ப் பார்த்தால் தண்ணீர் போகும் குழாயில் ஒரு குழந்தையின் சாக்ஸ். பின்தகட்டைக் கழற்றியபோது உள்ளே, சோதித்தவர் என்று அவருடைய கையெழுத்தே இருந்ததாம். "இது எங்க காலத்துக்கும் வரும்போல இருக்கே" என்று அந்த வீட்டம்மா மெச்சினாராம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கை கழுவப் போனவர் குழாயை மூடவே இல்லை. போய்ப் பார்த்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த ஆத்திரத்தில் உன்னைத் திட்டினேன், மறைப்பானேன். "உங்க மச்சான் கொஞ்சம் மட்டமாத்தான் செஞ்சா என்னவாம்?" என்று கேட்டுவிட்டேன். சட்டென்று திரும்பினார். "வாயை மூடு. நல்லா உழைக்கிற சாமானை எவனாவது வேணும்னே கெடுத்து வைப்பானா? அவன் செஞ்சது சரி. எங்களை என்ன பண்றதுன்னு யாரும் யோசிக்கலை, அவ்வளவுதான்" என்றார்.

அந்தக் கடையையும் போன மாதம் மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போயிருக்கிறார். ஐம்பத்தோரு வயதில், அந்த இடுப்பு வலியோடு. உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மீறிவிட்டேன்.

தம்பி, என் பிள்ளை மூச்சு விடுவதும் உன்னால்தான், அவர் இங்கே இல்லாததும் உன்னால்தான். உன்னை வாழ்த்தவா, வையவா என்று இரண்டு நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ நன்றாயிரு. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

அவருடைய புது போன் எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மன்னிப்பு, அது இது என்று ஆரம்பிக்காதே, கூசிப்போவார். "சாப்பிட்டீங்களா அத்தான்" என்று மட்டும் கேள். உன் குரலைக் கேட்டு அவருக்கு ஒரு வருஷமாகிறது.

இப்படிக்கு,
உன் அக்கா