கதவிலிருந்து கழற்றிய சுவிட்ச்

மாப்ள,

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் கல்லறைக்குப் போயிருந்தோம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. உருகி வழிந்து சிமெண்டில் உறைந்து, அந்த வாசனை அங்கேயே நின்றது. பக்கத்தில் என் வீட்டுக்காரி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் உதட்டை அசைத்தேன். ஆனால் எனக்கு அது கல்லறை வாசனையாகவே படவில்லை. உன் வீட்டுப் பின்வாசலில், கைப்பிடி போன பழைய குக்கரில் மெழுகை உருக்கி அதில் சைக்கிள் செயினை முக்கி எடுப்பாயே, அந்த வாசனை. அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு செயினை நினைத்தேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுக்கும் உன்னைப் பிடிக்கும்.

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. நான் இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. உன் வீட்டு வாசலுக்குத் துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். இருபத்தைந்து வருசச் சினேகிதம், இந்த ஆள் இடிந்து போயிருப்பான் என்று. நானோ சாமியானாவின் ஒரு கயிறு தளர்ந்திருந்ததைப் பார்த்து, போய் இழுத்துக் கட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அன்றிலிருந்து மரத்துப் போன காலோடு நடக்கிற மாதிரியே நடக்கிறேன். ஆபீஸ் போகிறேன், கோப்பு பார்க்கிறேன், சாப்பிடுகிறேன்.

கல்லறையிலேயே போன் வந்தது. உன் வீட்டுக்காரி செல்வி.

"அண்ணே, அந்த பெல் சுவிட்ச கொண்டாந்து மாட்டிருங்கண்ணே. தனியா கெடக்கேன். வாசல்ல யாரு கூப்புட்டாலும் உள்ள கேக்க மாட்டேங்குது."

"நாளைக்கே வாரேம்மா" என்றேன்.

அந்த சுவிட்ச் எப்படி சைக்கிளுக்கு வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். எனக்குச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாற்பத்தெட்டு வயதில் மலையேறும் சைக்கிள் வாங்கினவன் நீ. அதிலும் யாரோ ஓட்டிக் கழித்ததை. அது போதாதென்று பெடல் அச்சில் மாட்டுகிற மோட்டார் ஒன்றை வரவழைத்து, வாரமெல்லாம் பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு லேத் மெஷின் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வாசலில் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாய். எனக்கு இரும்பும் தெரியாது, ஒயரும் தெரியாது. தல்லாகுளத்திலிருந்து ஒத்தக்கடைக்கு பஸ் ஏறி வந்து, நீ கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுத்து, ஓட்டிப் பார்க்கச் சொன்னால் ஓட்டிப் பார்ப்பேன். "நான் ஓட்டுனா சத்தம் மட்டுந்தான் தெரியும். நீ ஓட்டுனாத்தான் கோளாறு தெரியும்" என்பாய். அது பாராட்டா திட்டா என்று இன்று வரை தெரியவில்லை.

மோட்டாரோடு வந்த முன் பல்சக்கரம் பெரிது. சமதளத்தில் பறக்கும், மேட்டில் முக்கும். சின்னதாக ஒன்று வேண்டும் என்று அட்டையில் வரைந்து, வெட்டி, மேலூர் ரோட்டுப் பட்டறையில் இரும்புத் தகட்டில் அறுத்து வாங்கினாய். அதன் நடு ஓட்டை ஒரு நூலளவு தள்ளிப் போய்விட்டது. ஒவ்வொரு சுற்றிலும் செயின் ஒரு தடவை இறுகும், ஒரு தடவை தொங்கும். "நொண்டுதுடா" என்று சிரித்தாய். நொண்டிக்கொண்டே உசிலம்பட்டி வரைக்கும் போவோம் என்றாய். நீ சைக்கிளில், நான் உன் ஸ்கூட்டரில் பின்னாலேயே. அங்கே உன் அண்ணன் தோட்டத்து வண்டித்தடத்தில் மோட்டார் சூடேறி நின்றுபோக, உன் அண்ணன் வந்து பார்த்து, "இதுக்கு ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம்ல" என்றார். நீ கோபமே படவில்லை. தோள் துண்டை நனைத்து மோட்டாருக்குப் போர்த்திவிட்டு, காய்ச்சல்காரன் பக்கத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாய். அந்தச் சக்கரத்தை மூன்றாம் தடவைதான் சரியாக அறுத்தார்கள்.

செயினுக்கு எண்ணெய் போட்டால் யானைமலை அடிவாரத்துப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொண்டது. மெழுகு போட்டால் ஒட்டாது என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாய். "ஒங்க கோயில்ல எரிஞ்சு மிஞ்சுன துண்டெல்லாம் என்னடா பண்ணுவீக?" என்று கேட்டாய். அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டு மெழுகுத் துண்டுகளை மஞ்சப்பையில் வாங்கி வருவது என் வேலையாயிற்று. "அந்தோணியார் புண்ணியத்துல செயின் வழுக்கிக்கிட்டுப் போகுது" என்று என் வீட்டுக்காரியிடமே சொன்னாய். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பெரிய தொல்லை கியர்தான். மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியரை மாற்றினால் செயின் அந்த இழுப்போடு அடுத்த பல்லில் ஏற முடியாமல் கத்தும், இல்லை அறுந்துவிடும். மாற்றுகிற அந்த ஒரு நொடிக்கு மோட்டார் நிற்க வேண்டும். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துவதற்கென்று வந்த இரண்டு ஒயர், இந்த சைக்கிள் பிரேக்கோடு சேராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டையும் தொட வைத்தால் போதும். அமுக்கினால் தொட்டு, விட்டால் பிரிகிற சுவிட்ச் ஒன்று வேண்டும். அன்றைக்கு ஞாயிறு, கடை இல்லை. நீ எழுந்து வாசலுக்குப் போனாய். திரும்பி வரும்போது கையில் உங்கள் வீட்டு காலிங் பெல் சுவிட்ச்.

செல்வி கரண்டியோடு வந்துவிட்டாள். "வாசல் பெல்ல பிடுங்கி சைக்கிளுக்கு மாட்டுற மனுசன எங்கயாவது பாத்திருக்கீகளாண்ணே?"

"நம்ம வீட்டுக்கு எவன் வாரான் பெல்லடிச்சுக்கிட்டு? இவன் ஒருத்தன்தான் வாரான். இவன் தொண்டை மேலூர் வரைக்கும் கேக்கும்" என்றாய். "நாளைக்கே புதுசு வாங்கி மாட்டிருதேன்."

நாளைக்கு வரவே இல்லை. கதவோரத்தில் இரண்டு ஒயர், கறுப்பு டேப் சுற்றி, அப்படியே கிடந்தது. கைப்பிடியில் உன் சுவிட்ச் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. இடது கட்டைவிரலால் அமுக்கு, மிதியைத் தளர்த்து, கியரை மாற்று, விரலை எடு. "ஒரு நொடி விட்டுக் குடுடா. அது தானா ஏறிக்கிரும்" என்பாய். விட்டுக் கொடுத்தால் சத்தமே இல்லாமல் ஏறும்.

அந்தச் சனிக்கிழமை நான் விட்டுக் கொடுக்கவில்லை. யானைமலைக்குப் பின்பக்கத்து மேட்டில், வேகத்தில் மறந்துபோய், அமுக்காமல் மாற்றினேன். டப்பென்று செயின் அறுந்தது. பின்னால் கியரைத் தூக்கும் கம்பியும் வளைந்தது. நீ ஓடி வந்து, குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு விரலு. ஒரே ஒரு விரல அமுக்க முடியலையாடா ஒனக்கு?" என்றாய். நாலு மாச வேலை உனக்கு. கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்கும் வந்தது. "நீ சைக்கிளா செய்யுற? விழுந்து எந்திரிக்க ஒரு ஆளு வேணும் ஒனக்கு, அதுக்குத்தான் நான்" என்றேன். அறுந்த செயினைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். நான் பின்னால் வராமல் பஸ் ஏறிவிட்டேன். கடைசியாக உனக்கு நான் சொன்னது அதுதான், மாப்ள.

மறுநாள் காலைப் பூசை முடிந்து மெழுகுத் துண்டுகளை வாங்கிக்கொண்டேன். மன்னிப்பெல்லாம் நமக்குக் கேட்க வராது. பையை நீட்டினால் நீ வாங்கிக்கொள்வாய், அதோடு முடிந்தது. ஒன்பதரைக்கு உன் வீட்டு கேட்டில் நின்றேன். செல்வி ஒரு காதுகுத்துக்கு உசிலம்பட்டி போயிருந்தாள், எனக்குத் தெரியும். உன் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே டிவி ஓடியது. "மாப்ள" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். போன் அடித்தேன். அது உள்ளேயே அடித்தது, காதில் விழுந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

வீம்பு பண்ணுகிறான் என்று நினைத்தேன். நீயும் அப்படிச் செய்கிறவன்தானே? கோபம் வந்தால் இரண்டு நாள் போனை எடுக்க மாட்டாய். "இருக்கட்டும்டா, எனக்கும் ரோசம் இருக்கு" என்று வாய்விட்டே சொன்னேன். பையை கேட்டுக் கொண்டியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். கேட் பூட்டியிருக்கவில்லை. திறந்து பத்து அடி வைத்திருந்தால் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்வாசல் தெரியும்.

சாயங்காலம் செல்வி வந்து பார்த்தபோது நீ பின்வாசலில் சாய்ந்து கிடந்தாய். கையில் செயின். நான் அறுத்த அந்த இடத்தைக் கோத்து முடித்திருந்தாய். கோபமாக இருந்தவன் அந்த வேலையைச் செய்வானா? எப்போது நெஞ்சு வலித்தது, எவ்வளவு நேரம் உயிர் இருந்தது என்று டாக்டரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. காலையாகவும் இருக்கலாம், மத்தியானமாகவும் இருக்கலாம் என்றார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எட்டு மாசமாகக் குடியிருக்கிறேன்.

சேதி கேட்டு ஓடி வந்தபோது கேட்டில் பை இல்லை. குரங்கு இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வந்தேன் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. பயம். வெறும் பயம்தான், வேறு பேர் வைக்க வேண்டாம். பதினாறாம் நாள் முடிந்ததும் செல்வி சைக்கிளை என்னிடம் தள்ளிவிட்டு, "நீங்களே வச்சுக்கங்கண்ணே. இங்க இருந்தா பாக்க முடியல" என்றாள். வளைந்த கம்பியை மட்டும் கடையில் கொடுத்து நிமிர்த்தி வாங்கினேன். நீ கோத்த செயின்தான் இன்னும் ஓடுகிறது.

நேற்றுக் காலை சுவிட்சைக் கழற்றினேன். கைப்பிடியில் அது இருந்த இடத்தில் மட்டும் கறுப்புச் சாயம் புதிதாக இருந்தது. மோட்டாரைப் போடாமல் மிதித்தே ஒத்தக்கடைக்குப் போனேன். மாட்டுத்தாவணி தாண்டி பாலம் ஏறும்போது கியர் மாற்ற வேண்டியிருந்தது. மோட்டார் ஓடவில்லை, சுவிட்ச் என் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனாலும் கட்டைவிரல் போய் வெறும் கம்பியை அமுக்கியது. போகிற வழியெல்லாம் அப்படித்தான். நல்ல பழக்கம் பண்ணிவிட்டாய், போ.

செல்வி மெயினை நிறுத்தினாள். டேப்பைப் பிரித்து, நீ விட்டுவைத்திருந்த இரண்டு ஒயரையும் சுவிட்சில் மாட்டித் திருகினேன். இரும்பு தெரியாது, ஒயர் தெரியாது என்று சொன்னவனின் கை பழகின மாதிரி வேலை பார்த்தது. கடைசித் திருகு உள்ளே போனதும், கதவைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அன்னைக்கு நான் வந்தேம்மா. ஒம்பதரைக்கு. கூப்புட்டேன். போன் உள்ள அடிச்சுச்சு. வீம்பு பண்றான்னு நெனச்சுப் போயிட்டேன்."

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"தெரியும்ணே" என்றாள். "கேட்டுல தொங்குன மெழுகுப் பைய நான்தான எடுத்து உள்ள வச்சேன். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன். எட்டு மாசமாக்கும்." அப்புறம், "ரெண்டு மாசம் ஒங்க மேல அம்புட்டு ஆத்திரமா இருந்துச்சு. பெறகு பாத்தா, நானுந்தான் அன்னைக்கு ஊருக்குப் போனேன். காலையில நெஞ்சக் கரிக்குதுன்னு சொன்னாக. சோடா வாங்கிக் குடிங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. மிதித்து வந்ததில் தொடை இரண்டும் வலித்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஏதோ ஒன்று வலிக்கிறதே என்று இருந்தது.

"நான் பின்னாடி போயி நிக்கேன். அடிச்சுப் பாருங்க" என்று மெயினைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் கட்டைவிரலால் அமுக்கினேன். உள்ளே உங்கள் வீட்டு பெல் குருவி மாதிரி கீச்சிட ஆரம்பித்தது. என் வலது கால் தானாகத் தளர்ந்தது, மேட்டில் கியர் மாற்றுகிற மாதிரி. கதவு திறக்கவில்லை. நான் அமுக்கிக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்றைக்கு நின்றதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

கதவு திறந்தது. கண்ணைத் துடைத்திருந்தாள்.

"பின்வாசல் வரைக்கும் நல்லாக் கேக்குதுண்ணே" என்றாள்.

விரலை எடுக்கத் தோன்றாமல் நான் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தேன், மாப்ள.