சரிவில் ஒரு சமதளம்

ஏப்ரல் 6

அன்புள்ள உங்களுக்கு,

நலம். மலை நிலத்து வேலியைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் வருகிறேன் என்று கிளம்பியவள் எட்டு மாதமாக என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். வேலி நீளமானது.

செல்போனில் பேசலாமே என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குச் சார்ஜ் போட மின்சாரம் வேண்டும். பால் வண்டிக்காரர் தினமும் போகிறார், தபாலும் கொண்டுபோகிறார். எனக்கு அது போதும்.

இங்கே விருந்தினர்களுக்கு என்ன வசதி உண்டு என்று, ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் அதிகாரியாக, முறைப்படி விசாரித்திருக்கிறீர்கள். முறைப்படியே பதில் சொல்கிறேன். விளக்கு கிடையாது. குழாய் கிடையாது. ஏரியில் மொண்டு, மேலே சுமந்து, கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். கழிப்பறைக்கு அவரவர் குழியை அவரவர் தோண்டிக்கொள்ள வேண்டும். வருகிறவர்கள் கையில் சாவிக்குப் பதிலாக மண்வெட்டியைக் கொடுக்கிறேன். யாரும் அதை மறந்து வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

ஆனாலும் ஆள் வருகிறது. போன வாரம் ஒரு பல் டாக்டரும் மனைவியும். மத்தியானம் முழுக்க அடுப்பு மூட்டப் பார்த்தார்கள். "ஊதுங்களேன்!" "ஊதிட்டுத்தான் இருக்கேன்!" "ஊதுற மாதிரி ஊதுங்க!" என்பது ஏரிக்கு அந்தக் கரையிலும் கேட்டிருக்கும். கடைசியில் பச்சைக் கேரட்டைக் கடித்துச் சாப்பிட்டார்கள். போகும்போது, அடுத்த மாதமும் வருகிறோம் என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கூடாரம் எங்கே அடிப்பது என்று நானாகக் காட்டுவதில்லை. சரிவு முழுக்க நடந்து பார்த்து அவர்களே முடிவு செய்ய வேண்டும். கேட்டால் சொல்வேன்.

இப்போது முக்கியமான விஷயம். விடுதிக் கம்பெனி ஆள் மறுபடி வந்தார். ஏரியை ஒட்டிய கீழ்ப்பாதி உங்கள் பெயரில் இருப்பதையும், அதை அவர்களுக்கு விற்க நீங்கள் தயார் என்பதையும் எனக்கே சொல்லிக்கொடுத்தார். கீழ்ப்பாதி போனால் என் மேல்பாதிக்குத் தண்ணீருக்கு வழியில்லை. தண்ணீர் இல்லாமல் ஆடுகூட இருக்காது, பல் டாக்டர் எங்கே இருக்கப்போகிறார்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை வந்து மூன்று நாள் தங்கிப் பாருங்கள். விற்கிறவருக்குச் சரக்கு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இப்படிக்கு,
வேலியைப் பார்க்கப் போனவள்

ஏப்ரல் 14

அன்புள்ள மலையரசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மண்வெட்டி கொடுக்கும் தங்குமிடத்துக்கு எங்கள் துறையில் படிவமே இல்லை. மிகக் கீழான ஒற்றை நட்சத்திரத்துக்கே ஒரு வாளியும் கதவும் கேட்கிறோம். கதவு இருக்கிறதா என்று நீ எழுதவில்லை.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் கத்துகிறது, வேலையை ஆரம்பிக்கும்போதும் கத்துகிறது. எதற்கு எது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எழுது. நம் மகள் வாரம் ஒரு முறை பேசுகிறாள். யார் பக்கம் என்று கேட்டால், "சிக்னல் சரியில்லப்பா" என்கிறாள். அவள் இருப்பது நகரத்தின் நட்டநடுவில்.

விற்பதில் எனக்கு உன்மேல் வன்மம் ஒன்றும் இல்லை. இந்த வயதில் ஒரு பெண் மலைச்சரிவில் தண்ணீர் சுமப்பதைத் தடுக்க வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. நிலம் போனால் நீ வீட்டுக்கு வருவாய். இதை மறைத்து எழுத எனக்கு வராது.

இருந்தாலும் வருகிறேன். கம்பெனிக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். டென்ட் வாங்கிவிட்டேன். எப்படி அடிப்பது என்று எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் இருந்தவன் நான்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவன்

ஏப்ரல் 29

மலையரசிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். சளி பிடித்திருக்கிறது.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், பின்னால் நீ வேறு மாதிரி சொல்லாமலிருக்க. இருபத்தைந்து வருடமாக ஓட்டல் அறைகளில் தரைமட்டம் பார்த்தவன் நான். உன் சரிவு முழுக்க நடந்தேன். எல்லா இடமும் சாய்ந்திருந்தது. ஒரே ஓர் இடம்தான், பலகை போட்டதுபோல, சமமாக இருந்தது. புல்கூட மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருந்தது. அங்கே டென்ட்டை அடித்தேன். அழகாக அடித்தேன், அதை நீயே ஒப்புக்கொள்வாய். படுக்கையை விரித்து, ஓரங்களை மடித்து, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

எழுந்தபோது நான் மிதந்துகொண்டிருந்தேன். மலை முழுவதும் பெய்த மழை அந்த ஒரே இடத்துக்கு, என்னைப் பார்க்க வந்ததுபோல, வந்து சேர்ந்திருந்தது. என் இடதுகால் ஷூ எனக்கு முன்பாகவே ஏரிக்குக் கிளம்பிவிட்டது. கூடாரத்தின் ஜிப் சிக்கிக்கொண்டது. பல் டாக்டர்தான் வந்து என்னைப் பிடுங்கினார். தொழில் பழக்கம். "கொஞ்சம் லூஸா விடுங்க சார், வந்துடும்" என்றார்.

நீ கொட்டகை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாய். நான் முளை அடிக்கும்போதும் அங்கேதான் இருந்தாய். அது தண்ணீர் தேங்கும் இடம் என்று உனக்குத் தெரியும். சொல்லவில்லை. கட்டிய புருஷன் நனைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு காய் உரிக்க எப்படி மனசு வந்தது?

கம்பெனி ஆபீசுக்குத் திங்கட்கிழமை போகிறேன்.

இப்படிக்கு,
நனைந்தவன்

மே 3

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தில் 'அன்புள்ள' விட்டுப்போயிருக்கிறது. ஈரத்தில் அழிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். சளிக்கு வெந்நீர் குடியுங்கள்.

நீங்கள் ஒழுங்காக எழுதியதில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். முதல் முளையை எடுத்தபோது நான் எழுந்து வந்தேன். "அந்த இடத்துல" என்று ஆரம்பித்தேன். "எனக்குத் தெரியும்" என்றீர்கள். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் போய்ப் பீன்ஸ் உரித்தேன்.

அது உங்களுக்கு நினைவிருக்காது. மூச்சு விட்டது யாருக்கு நினைவிருக்கும்? வீட்டில் எந்தச் சுவருக்கு எந்த வண்ணம், மகளுக்கு எந்தப் படிப்பு, எனக்கு எந்த டாக்டர், எல்லாவற்றிலும் நான் "அந்த" என்று ஆரம்பித்தால் நீங்கள் அதைச் சொல்லி முடித்துவிடுவீர்கள். நான் பாதி வாக்கியங்களோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். இங்கே வந்த பிறகுதான் முழு வாக்கியம் பேசுகிறேன், அதுவும் பெரும்பாலும் ஆடுகளிடம். அவை கடைசிவரை கேட்கின்றன. கேட்டபடி செய்வதில்லை, அது வேறு.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. மேகம் கறுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், உங்களைப் போலவே எனக்கும் மறைத்து எழுத வராது.

திங்கட்கிழமை போங்கள். கையெழுத்தும் போடுங்கள். உங்கள் நிலம். ஆனால் அதனால் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று கணக்குப் போட வேண்டாம். மலைக்குப் பின்பக்கம் பக்கத்துத் தோட்டக்காரர் நிலத்தில் ஓர் ஓடை இருக்கிறது. அவரிடம் கேட்டாயிற்று, சரி என்றுவிட்டார். நேற்று இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு போய்வந்து பார்த்தேன். தூரம் அதிகம், ஏற்றமும் அதிகம். நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். இன்று இரண்டு இடத்தில்தான் உட்கார்ந்தேன். போகிற போக்கில் ஒரே இடமாகிவிடும்.

நான் இங்கிருந்து கிளம்பப் போவதில்லை. கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். பீன்ஸ் வெந்துகொண்டிருக்கிறது, நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மேல்பாதிக்காரி

மே 12

அன்புள்ள உனக்கு,

கம்பெனி ஆபீசுக்குப் போனேன். குளிர்சாதன அறை, நல்ல நாற்காலி. வாசலில் வரவேற்புப் பெண் சிரித்த விதத்துக்கே நான்கு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

அட்டையில் செய்த மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். உன் மலை, நம் ஏரி, நடுவில் கண்ணாடி மாளிகை. வரவேற்புக் கூடம் எங்கே வருகிறது தெரியுமா? நான் மிதந்த இடத்தில். "அங்கதான் சார் ஃப்ளாட்டா இருக்கு, வெட்டுற வேலையே இல்ல" என்றார் என்ஜினீயர். என் வயசில் பாதி இருக்கும் அவருக்கு.

"தம்பி, அந்த இடத்துல" என்று ஆரம்பித்தேன்.

"எங்களுக்குத் தெரியும் சார்" என்றார்.

"இல்லப்பா, மழை பேஞ்சா"

"அதெல்லாம் தெரியும் சார். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். முழுதாகச் சொல்லக்கூட விடாமல் இது என்ன பழக்கம், இவனை வீட்டில் யாரும் திருத்தவில்லையா என்று நினைத்தேன். பேனாவைத் திறந்தேன். அப்போதுதான், இந்தக் குரலை இதற்கு முன் எங்கே கேட்டோம் என்று யோசித்தேன். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஜன்னல் பக்கத்து நாற்காலியிலிருந்து. அதில் வேறு யாரும் உட்கார்வதில்லை.

பேனாவை மூடிவிட்டேன். விற்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணம் கேட்டார்கள். "உங்களுக்குத் தெரியும்" என்றேன். ஆயுளில் ஒரு தடவையாவது அதைச் சரியான இடத்தில் சொன்ன திருப்தி.

உடனே திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நேற்றுகூட மகள் ஏதோ சொல்ல வந்தாள், நான் முந்திக்கொண்டேன். அவளுக்குச் சிக்னல் சரியில்லாமல் போய்விட்டது.

ஜூன் முதல் வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். வரலாமா? டென்ட்டைக் காயவைத்துவிட்டேன். எங்கே அடிக்கட்டும்? உன்னைக் கேட்கிறேன். நீ எழுதும் பதிலைக் கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் கணவன்

மே 20

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைப் பால் வண்டிக்காரர் எதிரிலேயே படித்தேன். "நல்ல செய்தியாக்கா?" என்றார். "இடம் கேட்டிருக்காரு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு இரண்டாவது தடவை படிக்க வேண்டியிருந்தது.

இடம் நீங்கள் தங்கும் நாளைப் பொறுத்தது. அதை எழுதவில்லை. ஒரு வாரம் என்றால், பெரிய பாறைக்கு மேற்கே, அத்திமரத்துக்குக் கொஞ்சம் மேலே அடித்துக்கொள்ளுங்கள். சாய்வாகத்தான் இருக்கும். தலையை மேட்டுப்பக்கம் வைத்துப் படுங்கள். வாசலை ஏரிக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், காற்று ஏரிப்பக்கமிருந்துதான் வரும். லீவு முடிந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம், நானும் வருத்தப்பட மாட்டேன், கை காட்டி அனுப்பிவைப்பேன். நான் உங்களோடு கிளம்ப மாட்டேன், அதை மட்டும் முன்னாலேயே தெரிந்துகொண்டு வாருங்கள்.

அதற்கு மேல் தங்குவதாக இருந்தால் பாறைப்பக்கம் சரிப்படாது. குளிர்காலத்துக் காற்றில் அங்கே கூடாரத் துணி நிற்காது. என் கொட்டகைக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. தண்ணீர் வராது, காற்று வராது, காலையில் வெயில் விழும். ஆனால் நல்ல சரிவு. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்ய வேண்டும். நான் கோடு போட்டு, முளை அடித்து, கயிறு கட்டிப் பார்த்தேன். வெட்ட ஒரு ஆள், வாரிக்கொட்ட ஒரு ஆள். தனியாகச் செய்தால் வெட்டின மண் திரும்பச் சரிந்து வந்துவிடுகிறது.

எத்தனை நாள் என்று எழுதுங்கள். அதுவரை அங்கே மண்ணைத் தொடமாட்டேன். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி