கம்பிக்கு அடியில் தேர்

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
6 ஜூன் 1966

என் பிரியமுள்ள கணவருக்கு, மரியசெல்வி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பெரியவனும் உங்கள் அம்மாவும் தேவமாதா காவலில் சுகமாக இருக்கிறோம். நீங்களும் செங்கல்பட்டு முகாமில் வேளைக்குச் சாப்பிட்டு, ஏணியில் ஏறும்போது இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுகிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். கட்டாமல்தான் ஏறுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. கால் வீங்கியிருக்கிறது, பஸ்ஸில் ஏறி அலையக் கூடாது என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ரேஷனில் இந்த வாரமும் அரிசிக்குப் பதில் கோதுமைதான். ரயிலுக்கே கரண்டு கொடுக்கிறவன் வீட்டில் ஒருபிடி அரிசி இல்லை என்று உங்கள் அம்மா தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறார். பெரியவன் வாசலில் எந்த லாரி நின்றாலும் நைனா வந்துட்டாரு என்று ஓடுகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் தம்பி மதலைமுத்து, திருநாளுக்கு அழைக்க நாகல்மேட்டிலிருந்து வந்திருந்தான். அவன் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்தப் பதின்மூன்றாம் தேதி அந்தோனியார் திருநாள். வழக்கம்போல் தேர் கோயிலிலிருந்து புறப்பட்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி, மறுகரைத் தெருவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். போன வாரம் ரயில்வேக்காரர்கள் தமுக்கு அடித்துச் சொன்னார்களாம், பத்தாம் தேதியிலிருந்து தண்டவாளத்துக்கு மேலே இழுத்த கம்பியில் கரண்டு ஓடும், யாரும் கிட்டே போகக் கூடாது என்று. இங்கே கடைத்தெருவில் திண்டிவனத்து லாரிக்காரர் ஒருவரும் ஸ்டேஷனில் சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்.

ஊரில் ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? போன தீபாவளிக்குத் தமுக்கு அடித்தார்கள், வரவில்லை. எல்லையில் சண்டை வந்ததால் மீதிப் பாதைக்குச் செம்புக் கம்பி வரவில்லை என்றீர்கள். பொங்கலுக்கு அடித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான் துறைமுகத்தில் நிற்கிறது என்றீர்கள். ஈஸ்டருக்கு அடித்தபோது, ஆடு மாடுகளைக்கூடக் கட்டிப்போட்டுக் காத்திருந்தார்கள். அப்போதும் புகை வண்டிதான் கூவிக்கொண்டு போனது. இப்போது பிள்ளைகள் அந்தக் கம்பி தாங்கும் போஸ்ட்டில் ஏறிக் காற்றாடி விடுகிறார்கள். உயரமான வண்டி வராமல் தடுக்கக் கேட்டின் இரண்டு பக்கமும் நட வேண்டிய இரும்புச் சட்டங்கள் இன்னும் ரோட்டோரத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றனவாம்.

ஒன்றை உங்களிடம் மறைப்பானேன். ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். ஊரே கரண்டு வண்டி எப்போது வரும் என்கிறது. வராத வரைக்கும் நீங்கள் தொடுவது வெறும் கம்பிதானே என்று நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டேன்.

தேரின் உச்சிச் சிலுவை கம்பிக்கு மேலே ஒரு முழம் நிற்கும். உங்களுக்குத் தெரியாதா? போன வருடம் கம்பி புதிதாக இழுத்திருந்தபோது, தேர் கேட்டில் முட்டி நின்றது. மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை, வேட்டியை மடித்துக் கட்டித் தேர்மேல் ஏறி, அந்தக் கம்பியைக் கையால் பிடித்துத் தொங்கிக் காட்டினீர்கள். செத்த பாம்பு என்று சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு கவை மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, அடியில் தேர் போயிற்று. ஊரே கை தட்டியது. நானும் தட்டினேன்.

இந்த வருடம் மதலைமுத்து அந்த மூங்கிலைப் பிடிக்கப் போகிறான். தமுக்குக்காரனை ஊரார் கேலி செய்து அனுப்பிவிட்டார்கள். ஈஸ்டர் விருந்தில், ஆடி முடியும் வரை கரண்டு வராது என்று நீங்கள் சொன்னதுதான் அவர்களுக்கு வேதவாக்கு. பங்குச் சாமியார் தேரின் உச்சியைக் கழற்றலாம் என்றதற்கும், எங்கள் மாப்பிள்ளை கரண்டு ரயிலிலேயே வேலை பார்க்கிறார், அவரைவிட யாருக்குத் தெரியும் என்றார்களாம். நான் தம்பியிடம் அழுதேன். அவன் சிரிக்கிறான். "இன்னாக்கா நீ. மாமாவே தொங்கிக் காட்டுன கம்பி அது. அவரு சொல்லாத கரண்டு எங்கிருந்து வந்துடும்?" என்கிறான்.

நான் சொன்னால் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பயம் என்பார்கள். நீங்கள் சொன்னதை நீங்கள்தான் மாற்ற முடியும். கடிதம் போட்டால் போதாது. தேதி தப்பாகிவிட்டது என்று மாமனார் ஊரில் சொல்வது உங்களுக்குத் தலைக்குனிவுதான். இருந்தாலும் இரண்டு நாள் லீவு கேட்டு நேரே நாகல்மேட்டுக்கு வாருங்கள். என் அம்மாவுக்கு அவன் ஒரே ஆண்பிள்ளை.

உங்கள் வருகையை எதிர்பார்த்து,
மரியசெல்வி


சேசு மரி சூசை துணை

செஞ்சி,
17 ஜூன் 1966

என் பிரியமுள்ள கணவருக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில்தான் கிடைக்க வேண்டும் என்று அந்தோனியாரை மன்றாடி எழுதுகிறேன்.

உங்கள் கார்டு பன்னிரண்டாம் தேதி வந்தது. லீவு இல்லை, ஆடி முடியுமுன் கரண்டு வர வழியே இல்லை, எனக்குத் தெரியாததா என்று எழுதியிருந்தீர்கள். எழுதியிருந்த மிடுக்கைப் பார்த்தபோதே, நீங்கள் யாரையும் கேட்காமல் எழுதியது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பெரியவனை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன். திட்டாதீர்கள், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. திண்டிவனத்தில் இறங்கி, ஒரு கட்டை வண்டிக்காரரைக் கெஞ்சி நாகல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தேர் கோயில் வாசலைவிட்டு நகர்ந்து, கேட்டுக்குப் போகிற ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. மேளமும் அதிர்வேட்டுமாக ஒரே சத்தம். மதலைமுத்து மேலே, அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். புதுச்சட்டை போட்டிருந்தான்.

நிறுத்துங்கள் என்று கத்தினேன். கம்பியில் கரண்டு இருக்கிறது என்றேன். எல்லோரும் வா வா என்று சிரித்தார்கள். மாப்பிள்ளை வரலையா என்று ஒருவர் கேட்டார். கேட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார், அவரையும் யாரும் சட்டை செய்யவில்லை. வடத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். என் பலத்துக்கா நிற்கும் தேர்? கம்பி கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது.

அப்போது என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை. "ஐயோ, அவருக்கே கரண்டு அடிச்சிடுச்சி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில கெடக்குறாரு" என்று கூவினேன்.

மேளம் நின்றது. தேர் நின்றது. நீங்கள் சொன்ன சொல்லை வெட்ட அதைவிடப் பெரிய சொல் எனக்கு அகப்படவில்லை.

அம்மா ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. பெண்பிள்ளை இவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறாள் என்றால் எல்லாம் முடிந்துதான் போயிருக்கும் என்று நினைத்துவிட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு, என் தலையில் இருந்த பூவைப் பிடுங்கி எறிந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து உங்கள் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தார்கள். பொய் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் தேர் நகர்ந்துவிடும். தேரைத் திருப்பிக் கோயிலுக்குள் கொண்டு நிறுத்தும்வரை, உயிரோடு இருக்கிற உங்களுக்கு அவர்கள் வைத்த ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு உண்மையைச் சொன்னேன். ஊரார் காறித் துப்பாத குறைதான். திருநாளைக் கெடுத்துவிட்டேனாம். கம்பியில் அன்றைக்குக் கரண்டு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்டுக்காரர் இருந்தது என்கிறார், ஊர்க்காரர்கள் இல்லவே இல்லை என்கிறார்கள். தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்த மட்டுக்கும் ஆண்டவருக்குத் தோத்திரம்.

அம்மா மட்டும் என்னைத் திட்டவில்லை. என்னைப் பஸ் ஏற்றிவிடும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "பொய்யின்னு எங்கிட்ட சொல்லிட்ட. அந்தோனியாருகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

அந்தப் பேச்சு நெஞ்சில் அப்படியே நிற்கிறது. திருநாள் அன்று, சுரூபத்தின் முன்னால், தாலி கட்டியவரைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டேனே. உங்கள் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் கருநாக்குக்காரி என்று என்னை வீட்டுக்குள் சேர்ப்பாரா? என் வாய் முகூர்த்தம் பலித்துவிடக் கூடாது என்று ஜெபமாலையைக் கீழே வைக்காமல் இருக்கிறேன்.

மதலைமுத்து, நான் உண்மையைச் சொல்வதற்குள், மூங்கிலைப் போட்டுவிட்டு உங்களைப் பார்க்க ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டான். இன்றோடு நாலு நாள் ஆகிறது. நீங்கள் நன்றாக இருந்தால் அவன் மறுநாளே திரும்பியிருக்க வேண்டாமா? ஏன் இன்னும் வரவில்லை? உங்களிடமிருந்தும் ஏன் ஒரு கார்டு இல்லை? தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போனால், பின்னாலேயே தெருமுனை வரை போய்க் கேட்கிறேன்.

அவன் உங்களோடு இருந்தால் இருக்கட்டும். சினிமா பார்க்கப் போயிருந்தாலும் திட்ட மாட்டேன். நீங்கள் என்னைப் பொய்க்காரி என்று நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள், ஆனால் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். வேறு யாரையும் எழுதச் சொல்லாதீர்கள். தந்தி மட்டும் அடிக்க வேண்டாம், தந்திச் சேவகன் சைக்கிளைப் பார்த்தாலே நான் விழுந்துவிடுவேன். ஏணியில் ஏறுமுன் கம்பியில் கரண்டு இல்லையென்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அம்மா பிடுங்கி எறிந்ததிலிருந்து நான் தலையில் பூ வைக்கவில்லை. ஏன் என்று உங்கள் அம்மா கேட்கிறார், தலைவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது லீவு கிடைத்தாலும் வாருங்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பூக்கடை இருக்கிறது. உங்கள் கையால் ஒரு முழம் வாங்கி வாருங்கள்.

உங்கள் மனைவி,
மரியசெல்வி