கையெழுத்து ஒத்துப்போகவில்லை

ஆவணி, வியாழன் இரவு

எல்லையில் காயம்பட்டதற்கான பதக்கம் இவருக்கு வரவே இல்லை. முப்பது வருஷம் கழித்து, என் நச்சரிப்பு தாங்காமல்தான் மனுப் போட்டார். அது இரண்டு தடவை திரும்பி வந்தது. பட்டாளத்தில் சேர்ந்தபோது போட்ட கையெழுத்தும் இப்போது போடுவதும் ஒத்துப்போகவில்லையாம். காயம் வலது கையில் என்று மனுவிலேயே இருக்கிறது. யார் படித்தார்கள்?

இன்று அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறி, இருவரும் ஆபீசுக்கே போனோம். கிளார்க் பெண்ணும் அதையே சொன்னாள். இவர் விரல் இல்லாத வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கையெழுத்தப் போட்ட வெரலெல்லாம் குண்டு வெடிச்ச எடத்துலயே கெடக்கும்மா. இப்ப இடது கையாலதான் போடுறேன்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, மன்னிச்சுக்கங்க அய்யா" என்று அப்போதே முத்திரை குத்தி மேலே அனுப்பினாள். எங்களுக்கு டீ வேறு வந்தது.

அந்தப் பழைய கையெழுத்தை நான் இன்றுதான் பார்த்தேன். முத்து முத்தாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில், "இம்புட்டு அழகா எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"அப்ப ஒன்னையத் தெரியாதே" என்றார்.

பதக்கம் எப்போது வருமோ. இந்தப் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டிருக்கிறார், கோணலாக, கோட்டைத் தாண்டி. எங்கள் கல்யாணப் பதிவில் இருப்பதோடு அப்படியே ஒத்துப்போகிறது.