கிணற்றுக்குள் லாரித் தண்ணீர்

மார்ச் 3

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கண்காணிப்புக் குழாய்க் கிணற்றை இன்று அளந்தேன். மழை எட்டிப் பார்த்தே மாதக்கணக்காகிறது. நீர்மட்டமோ போன மாதத்தைவிட ஆறு மீட்டர் ஏறி நிற்கிறது. அளவு நாடாவை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்தேன். கண் முன்னாலேயே மட்டம் இறங்கியது. நிலத்தில் ஊறிய தண்ணீர் இப்படி இறங்காது. யாரோ மேலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். சுற்றிலும் ஈரச் சேறு, லாரிச் சக்கரத் தடம்.

“கிணத்துக்கே லாரித் தண்ணியா மேடம்?” என்று எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மட்டம் அரசு வைத்த எல்லைக்குக் கீழே போனால் இங்கே தண்ணீர் விற்கும் போர்வெல்களுக்கெல்லாம் சீல் வைக்க வேண்டும். அவற்றில் முக்கால்வாசி என் அக்கா புருஷனுடையவை.

மார்ச் 4

அக்கா போன் செய்தாள். “ஏறியிருக்குன்னே எழுதிடுடி. இல்லேன்னா அவரு கோபத்தை நான்தான் வாங்கணும்.” போன தடவை வாங்கியதில் அவளுக்கு ஒரு காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

ஊற்றிய தண்ணீர் வடிந்தபின் மறுபடி அளந்தேன். எல்லைக்குக் கீழேதான். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

மார்ச் 11

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல்தான்.

முந்தாநாள் சீல் வைக்கப் போனோம். போலீஸ் வருமுன் நாங்கள் போய்ச் சேர்ந்தது மடத்தனம். மாமாவின் ஆள் ஒருவன் பைப் ரெஞ்சால் டிரைவரின் தாடையில் அடித்தான். ரத்தமும் பல்லும் என் மடியில் விழுந்தன. மாமா என் முடியைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டார்.

“எந்தக் கையால எழுதினே?”

வலது கைமேல் பூட்ஸோடு ஏறி நின்றார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் காலைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம் — பாதி அவருடையது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் அசையவில்லை. ஒருத்தி மட்டும் கேட்டாள்: “லாரி நின்னுட்டா எங்களுக்கு யாரு ஊத்துவா, நீயா?”

மார்ச் 12

சீல் வைக்கப் போன அன்றைக்கு மாமா முழுக்க வீட்டில்தான் இருந்தார் என்று அக்கா ஸ்டேஷனில் சொல்லிவிட்டாளாம். ஆளை விட்டுவிட்டார்கள்.

கூடப் பிறந்தவ. அவளையும் அவனையும் சேர்த்து அந்தக் குழாய்க்குள்ள போட்டு மூடணும். — எழுதிவிட்டேன். இந்த வரியை அடித்துவிட மாட்டேன்.

மார்ச் 20

போலீஸ் காவலோடு எல்லா போர்வெல்லுக்கும் சீல். அந்த வரிசைக்காரர்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் லாரி கேட்டு, சண்டை போட்டு வாங்கினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அதற்குள் கல்லெறி, நெற்றியில் மூன்று தையல்.

ஏப்ரல் 6

மட்டம் ஒரு மீட்டர் ஏறியிருக்கிறது. நிஜமாகவே.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அக்கா. உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சீல் வைத்த கோபம் மொத்தமும் அவள்மேல் இறங்கியிருக்கிறது. திட்ட வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். வீங்கிய கண்ணைத்தான் தொட்டுப் பார்த்தேன். அவள் என் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்டேஷன் எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும்? அன்னிக்குச் சொன்னதை மாத்திச் சொல்லணும்.”

“எப்பவும் தொறந்திருக்கும்க்கா.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு பேரும் கிளம்பினோம்.