மூன்றாம் சரக்கறை

நாள் 3, காலை

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் பெனிட்டா. வேதியியல் படித்தவள், ஊர் தூத்துக்குடி. 'சிப்பி' என்ற இந்தச் சரக்குக் கலத்தில் இருக்கும் ஒரே ஆள். நிலவைச் சுற்றும் நிலையத்தில் பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு லித்தியம் பேட்டரிகள் கொண்டுபோகிறோம். கலம் தானாகவே ஓடும். ஆபத்தான சரக்கோடு பாதுகாப்பு அதிகாரி ஒருவர் போகவேண்டும் என்று சட்டம் சொல்வதால் என்னை ஏற்றியிருக்கிறார்கள். பொம்மை போதும் என்று சட்டம் சொன்னால் பொம்மையை ஏற்றியிருப்பார்கள்.

சரக்கறைகள் மூன்றிலும் வெப்பம் சரியாக இருக்கிறது. விதிகள் ஒன்றும் கடினமில்லை. மின்னேற்றம் முப்பது சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முனைகளை மூடி ஒட்டவேண்டும். அடிபட்டதையும் உப்பியதையும் ஏற்றவே கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். மேலாளர் சுகந்தனுக்குத்தான் புரியாது. நான் பார்ப்பதற்குள் அறைகளைப் பூட்டிவிட்டு, என் படுக்கைக்கு மேலே 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று போஸ்டர் ஒட்டிவைத்திருக்கிறார்.

நாள் 4, காலை

மூன்றாம் அறையில் சூடு ஏறுகிறது. விண்ணுடை போட்டுக்கொண்டு உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்தேன். பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. முனைகளில் ஒரு துண்டு டேப் கூட இல்லை. முழு மின்னேற்றம். திருகு ஓட்டைகளில் செம்மண். 'புத்தம் புதியது' என்று இவர்கள் விற்ற சரக்கு பூமியில் ஏதோ பேருந்தின் அடியில் ஓடித் தேய்ந்தது.

பூமியில் உள்ள தரைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். சுகந்தனின் பதில் அப்படியே:

"பேட்டரின்னா சூடாகத்தானே மேடம் செய்யும்? ஃபேனைக் கூட்டி வச்சிட்டு ரெஸ்ட் எடுங்க."

சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிப் பேச ஒரு தனித் திறமை வேண்டும்.

நாள் 4, பிற்பகல்

ஒரு பெட்டி வெடித்தது. வெள்ளைப் புகை. உள்கதவை அடைத்து, வெளித்திறப்பு வழியாகக் காற்றை விண்வெளிக்கு விட்டேன். சுவாலை அடங்கியது, சூடு அடங்கவில்லை. இந்த நெருப்புக்கு வெளிக்காற்று தேவையில்லை. ஒன்று வெந்தால் அதன் சூட்டில் பக்கத்திலிருப்பது வேகும்.

அறையை மொத்தமாகக் கழற்றி வீசவேண்டும். அந்தக் கட்டளை தரையில் இருக்கும் மேதைகள் கையில். சுகந்தன்: "சரக்கைத் தூக்கி எறியறதுக்கா உங்களை அனுப்பினோம்?"

நிலையத்தைக் கூப்பிட்டேன். வண்டிகளைப் பழுதுபார்க்கும் அசன் கனி பேசினார். காயல்பட்டினத்துக்காரர்.

"எக்கா, இங்க இருக்கது ஒரே ஒரு வாசல்தான். தீயோட வந்து ஒட்டிட்டியன்னா நாங்க பதினொரு பேரும் எங்கக்கா ஓடுறது?"

வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நாள் 5, காலை

கலம் என் பேச்சைக் கேட்கவில்லை. தரையிலிருந்து பிடித்து நிலையத்தை நோக்கி ஓட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். சுகந்தன் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"அங்க இறக்கிட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சது மேடம். அப்புறம் எரிஞ்சா அது அவங்க தலைவலி."

ஓட்டும் கட்டளை வரும் கம்பியை வெட்டிவிட்டேன். திரும்பி வருவதற்கென்று இருந்த எரிபொருள் முழுவதையும் எரித்துக் கலத்தை விலக்கினேன். நிலையம் ஜன்னலில் பெரிதாக வந்து, பக்கவாட்டில் நழுவிப் போனது. அதன் விளக்குகளைப் பார்த்தபோது அழுகை வந்தது. இனி எனக்குத் திரும்பும் வழியில்லை. பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். பயமாக இருக்கிறது.

நாள் 5, மாலை

மூன்றாம் அறை முழுவதும் வெந்துவிட்டது. அதன் வெளிச்சுவரில் இருந்த, செய்தி அனுப்பும் ஆன்டெனாவும் போயிற்று. மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. பேச, விண்ணுடையில் உள்ள சின்ன ரேடியோ மட்டும்தான். நிலையமோ விலகிக்கொண்டே போகிறது.

கேட்டதை எழுதுகிறேன். சுகந்தன் நிலையத்திடம்:

"அந்தம்மாவுக்கு மனநிலை சரியில்ல, பாவம். கவலைப்படாதீங்க, அதே கிடங்குலேருந்து அடுத்த கலம் ஏற்கெனவே அனுப்பியாச்சு. நாளைக்கு வந்துரும். ஆள் இல்லாமதான் அனுப்பியிருக்கோம், அதனால தொந்தரவு இருக்காது."

அதே கிடங்கு. அதே செம்மண். இந்த மனிதனுக்கு வெட்கம் என்ற உறுப்பே கிடையாது.

அசன் கனி விடவில்லை: "அந்த அக்கா ஒரு வார்த்த சொல்லட்டும் சார். அவிய சொன்னாத்தான் வாசலத் தொறப்போம்."

நல்ல மனிதர். கத்திக்கொண்டே இருக்கிறேன். திறக்காதீங்க. திறக்காதீங்க.

நாள் 6

தொண்டை கட்டிவிட்டது. இரண்டாம் கலம் நிலையத்தை நெருங்கிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். திறக்காதீங்க, திறக்காதீங்க, திறக்காதீங்க.

அசன் கனியின் குரல், இரைச்சலுக்கு நடுவில்:

"எக்கா! ஒங்க சத்தம் கேக்குது, உசுரோட இருக்கியளா! விட்டு விட்டுத்தான் கேக்குது. 'தொற'ன்னுதான சொல்லுதிய? 'தொற'ன்னு மட்டுந்தான் காதுல விழுது. சரிக்கா. நீங்க சொன்னாச் சரிதான். தொறக்கோம்."

இல்லை. இல்லை. வேறு வார்த்தை. வேண்டாம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் அசன். வேண்டாம். அவர் குரல் இப்போது

வேண்டாம்